சோளகக் காற்றில் தலைமன்னார்

ஆலாவை நான் முதன்முதலில் பார்த்தது விக்டோரியா நீர்த்தேக்கத்தில். திகனச் சந்தியிலிருந்து ராஜவெலப் பக்கம் இறங்கினால் தண்ணீர் தெரியத் தொடங்கிவிடும். மழைக்காலம் முடிந்து பனி விழும் மாதங்களில் வெள்ளையும் சாம்பலுமாகச் சில பறவைகள் அந்தத் தண்ணீருக்கு மேலே தாழப் பறந்து, அலகால் மேற்பரப்பைத் தொட்டுத் தொட்டுப் போகும். அவற்றுக்கு மீசை ஆலா என்று பெயர் என்பதும், வடக்கே தொலைவில் எங்கோ குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகின்றன என்பதும் பிறகுதான் தெரிந்தது. எந்தத் திசையில் போனாலும் கடலுக்கு ஏறக்குறைய நூறு கிலோமீற்றராவது இருக்கும் எங்கள் ஊரில், கடல் குடும்பத்துப் பறவை ஒன்று வந்து மீன் பிடித்துக்கொண்டிருந்தது.

அந்தத் தண்ணீரும் பழையது இல்லை. மகாவலியை மறித்து 122 மீற்றர் உயரத்துக்கு எழுப்பிய விக்டோரியா அணையை 1985 ஏப்ரல் 12ஆம் திகதி ஜனாதிபதி ஜயவர்தன திறந்துவைத்தார். அணைக்குக் காசு கொடுத்த பிரித்தானியாவின் பிரதமர் மார்கிரட் தாட்சரும் வந்திருந்தார். பழைய தெல்தெனிய நகரம் தண்ணீருக்கு அடியில் போயிற்று. தும்பறைப் பள்ளத்தாக்கின் வயலும் கொக்கோவும் இருந்த தாழ்வான நிலம் ஏரியானது. அந்த ஏரிக்கு ஆலாக்கள் வந்தன.

வைகாசி கடைசியில் எங்கள் பக்கம் காற்று தொடங்கும். தென்மேற்கிலிருந்து வரும் காற்று அட்டன், நாவலப்பிட்டி பக்கத்து மலைகளில் மழை முழுவதையும் கொட்டிவிட்டு, தும்பறைக்கு வரும்போது வெறுங்காற்றாக வரும். தகரம் படபடக்கும், ஏரியில் ஒரு சாண் உயரத்துக்கு அலை எழும். அந்த ஒரு சாண் அலையை வைத்துக்கொண்டுதான் நான் படமெடுக்கப் பழகினேன். வயிறு தரையில் படக் கரையில் படுத்து, கமராவைத் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்திப் பிடித்தால் ஒரு சாணும் ஓராள் உயரமாகத் தெரியும். ஆனால் எடுத்தவனுக்குத் தெரியும் அது ஒரு சாண் என்று. இதே காற்று கடலில் என்ன செய்யும், அதில் ஆலா எப்படிப் பறக்கும் என்று பார்க்கவேண்டும் என்ற ஆசை பல வருடமாக இருந்தது.

சீறும் அலையைப் படமெடுக்க இந்த நாட்டில் எங்கே போகவேண்டும் என்று கேட்டால் எல்லோரும் தெற்கே கைகாட்டுவார்கள். அது சரிதான். தேவேந்திரமுனையில் 1890இல் கட்டிமுடித்த 49 மீற்றர் உயர வெளிச்சவீட்டடியில் நின்று தெற்கே பார்த்தால் அண்டார்க்டிக்கா வரைக்கும் நடுவில் தரை இல்லை. எங்கோ தென்பெருங்கடலில் அடித்த புயல் கிளப்பிய அலை பல நாள் பயணம் செய்து அந்தப் பாறைகளில் வந்து உடைகிறது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே பதினைந்து நொடி வரைக்கும் இடைவெளி இருக்கும். அந்த அலையைப் படமெடுப்பது பொறுமை உள்ள எவருக்கும் கைகூடும். காலி கோட்டைச் சுவரில் நின்று நானும் எடுத்திருக்கிறேன். நல்ல படங்கள்தான்.

இந்த முறை நான் போகவேண்டும் என்று நினைத்தது தலைமன்னாருக்கு. அதற்குப் பறவை பாதிக் காரணம்.

எங்கள் வீட்டில் கடல் என்றால் தலைமன்னார். காலியோ கொழும்போ நீர்கொழும்போ யாருடைய வாயிலும் வந்ததில்லை. தாத்தாவின் அப்பா இராமநாதபுரம் பக்கத்திலிருந்து தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுக்குள்ளால் மாத்தளை வரைக்கும் நடந்து, பிறகு கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டங்கள் தேயிலைத் தோட்டங்களாக மாறியிருந்த காலத்தில் தும்பறையில் நின்றவர். வந்த வழி அது. போன வழியும் அதுவே. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கையில் எங்கள் ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரின் கதை பிறகு பார்ப்போம் என்று எழுதினார்கள். அந்த 5,25,000இல் ஒருத்தி என் பெரியம்மா. புருஷனோடும் கைக்குழந்தையோடும் அவர் கண்டி ஸ்டேசனில் கோச்சி ஏறியபோது அம்மாவுக்குப் பதினொரு வயது. தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலை மலையக மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். பிளாட்பாரத்தில் நின்றவர்களும் பெட்டிக்குள் இருந்தவர்களும் ஒருவர் கையை ஒருவர் விடாமல் ஒப்பாரி வைத்து அழுததை அம்மா நூறு தடவை சொல்லியிருப்பார். கோச்சி நகர்ந்த பிறகு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. இறங்குதுறையையும் கப்பலையும் அவர் பார்த்ததில்லை. பெரியம்மா கூடலூரிலிருந்து எழுதிய கடிதங்களில் கடலைப் பற்றி ஒரு வரியும் இருக்கவில்லை.

ஓகஸ்ட் முதல் வாரம் கிளம்பினோம், நானும் என் கூட்டாளியும். திகனவில் ஸ்டூடியோ வைத்திருந்தவன் அவன். 2018 மார்ச்சில் கடைத்தெருவில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தபோது அவனுடைய கடையும் எரிந்தது. 400 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று மட்டும் தப்பியது. நீர்த்தேக்கத்துப் பறவைகளை எடுக்க அதை நான் இரவல் வாங்கி வீட்டில் வைத்திருந்தேன். திருப்பிக் கொடுக்கப் போனபோது, "வைச்சுக்க மச்சான், என்கிட்ட மாட்ட பொடியே இல்ல" என்றான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கடையை எடுத்துக் கட்டினான். லென்ஸ் இன்னும் எங்கள் இருவருக்கும் பொதுவாக இருக்கிறது. தலைமன்னார் வரை அதை மடியில் வைத்துக்கொண்டு போனோம்.

கண்டியிலிருந்து ஏ9 வீதி. அக்குறணை, மாத்தளை, தம்புள்ள, மிகிந்தலைச் சந்தி, மதவாச்சி. அங்கே இடப்பக்கம் திரும்பினால் ஏ14, செட்டிகுளம் தாண்டி மடுச் சந்தி, முருங்கன், மன்னார். காரில் ஐந்தாறு மணித்தியாலம். அந்தக் காலத்தில் கடலிலிருந்து மாத்தளைக்கு வந்த ஆட்கள் நடந்த வடக்கு வழியும் ஏறக்குறைய இதே கோடுதான், நாங்கள் அதைத் திருப்பிப் போட்டு ஓடிக்கொண்டிருந்தோம். பேதியிலும் காய்ச்சலிலும் தண்ணீர் கிடைக்காமலும் அந்த வழியில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதற்கு ஒழுங்கான கணக்கே இல்லை. மடுச் சந்தியில் ஆவணித் திருநாளுக்குப் போகும் சனம் பஸ் பஸ்ஸாக இறங்கிக்கொண்டிருந்தது. தலையில் பாயும் சட்டிபானையுமாக ஒரு குடும்பம் வீதியைக் கடந்தது. அவர்கள் கடந்து முடியும் வரைக்கும் கூட்டாளி என்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான்.

தள்ளாடி தாண்டித் தாம்போதியில் ஏறியதும் காற்று காரைப் பிடித்து ஒரு பக்கம் தள்ளியது. இரண்டு பக்கமும் ஆழமில்லாத தண்ணீர், வெயிலில் கண் கூசியது. மார்கழி, தையில் இந்தத் தண்ணீரில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் நிற்கும். வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாகப் பெயர் பெற்றது அவற்றாலும், வடக்கிலிருந்து வரும் மற்றப் பறவைகளாலும்தான். மத்திய ஆசியாவிலிருந்து இந்தியாவின் மேலாக இறங்கிவரும் பறவைப் பாதை இலங்கைக்குள் நுழையும் வாசல் மன்னார். சில வருடங்களுக்கு முன் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சம்பத் செனவிரத்னவும் அவருடைய குழுவும் இங்கே பிடித்த கடற்காகங்களின் முதுகில் சிறிய கருவிகளைக் கட்டிவிட்டார்கள். பறவைகள் இந்தியா, பாகிஸ்தான் கடந்து ரஷ்யாவின் வடகோடிப் பனிவெளி வரைக்கும் போய்க் குஞ்சு பொரிக்கும் காலத்தைக் கழித்தது, கருவி அனுப்பிய புள்ளிகளில் தெரிந்தது. நாங்கள் போன மாதத்தில் கடற்காகங்கள் அங்கேதான் இருந்திருக்கும். இங்கே ஆலாக்களின் காலம்.

மன்னார் டவுனில் தேநீர் குடித்துவிட்டுப் பேசாலை வழியாகப் போனோம். வழிநெடுகப் பனை, மணல், வீதியில் நிற்கும் கழுதைகள். தெற்குக் கரையோரம் வெள்ளைக் காற்றாடிகள் வரிசையாகச் சுழன்றுகொண்டிருந்தன. தம்பபவனி என்று பெயர். 2020 டிசம்பரில் தொடங்கிய அந்த நிலையத்தில் 30 கோபுரங்கள், 103.5 மெகாவாட். இதே தீவில் இன்னும் பெரிய நிலையம் ஒன்றை அமைக்க வந்த அதானி நிறுவனம், ஊர்ச்சனத்தின் எதிர்ப்புக்கும் உயர்நீதிமன்ற வழக்குகளுக்கும் விலைத் தகராறுக்கும் பிறகு 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. காற்றில் மின்சாரம் எடுப்பதை நான் எதிர்க்கவில்லை. எங்கள் ஊர் ஏரியும் மின்சாரத்துக்காக மூழ்கியதுதான். ஆனால் பறவைகள் உள்ளே வரும் வாசற்படியிலேயே அதை நிறுத்தவேண்டுமா என்ற மன்னார்க்காரரின் கேள்வி நியாயமானது. அந்தக் கோபுரங்களுக்கு நடுவே ஒரு கொக்குக் கூட்டம் காற்றோடு மல்லுக்கட்டிக் கடந்து போவதை நின்று பார்த்த பிறகு அந்தக் கேள்வி என்னுடையதும் ஆயிற்று.

தலைமன்னாரில் இரண்டு கடல் உண்டு. இதைப் பார்க்காமல் நம்ப முடியாது. தீவின் முனை ஒடுங்கி ஒடுங்கி மேற்கே நீளுகிறது. தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக்கு நீரிணை. தென்மேற்குக் காற்றான சோளகம் அடிக்கும் மாதங்களில் தென்பக்கம் நுரைத்துக் கலங்கிக் கத்தும், சில நூறு மீற்றர் நடந்து வடபக்கம் போனால் குளம்போலக் கிடக்கும். வாடைக்காற்று தொடங்கினால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். அக்கரையில் இராமேஸ்வரத்து மீனவர் இவற்றை ஆண்கடல், பெண்கடல் என்கிறார்கள். இங்கே நான் கேட்டவர்கள் தென்கடல், வடகடல் என்று மட்டும் சொன்னார்கள். காற்றுக்கு ஏற்ற மாதிரிப் படகுகளை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மாற்றிக் கட்டுவது இவர்களுக்கு வருடாந்த வேலை.

வடகரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் வழி கேட்டோம்.

"தென்கடல் பக்கமா போறீங்க? இந்தக் காத்துக்க என்னத்தைப் புடிக்கப் போறீங்க தம்பி?"

"குருவி படம் எடுக்க, ஐயா. ஆலா."

அவர் வலையைக் கீழே வைத்தார். "ஆலாவா? அது எங்கட ஆள். அது கூட்டமா விழுற இடத்துல சூடை நிக்கும். ரேடியோவும் வேணாம் ஒண்டும் வேணாம். ஆனா இப்ப தென்கடல்ல நீங்க கண்ணைத் திறக்கேலாது. மண் கொத்திப்போடும்."

அவர் சொன்னது அப்படியே நடந்தது. பனங்கூடலைத் தாண்டி வெளியில் வந்ததும் கன்னத்தில் ஊசி குத்தியதுபோல மணல் அடித்தது. அதற்குப் பிறகுதான் கடலின் சத்தம் கேட்டது. தெற்குப் பாறைக் கரைகளில் அலை ஒன்று உடைந்து, அமைதியாகி, அடுத்தது வரும். இங்கே இடைவெளியே இல்லை. ஆழமில்லாத கடல், அதன் மேல் பக்கத்திலிருந்தே வீசும் காற்று. நான்கைந்து நொடிக்கு ஒன்றாக, ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி, தவிட்டு நிறத்தில் வந்து விழுகின்றன. உயரம் நெஞ்சளவுகூட வராது. ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் நிற்காமல் உடைந்துகொண்டே இருக்கின்றன. உடையும் இடத்தில் காற்று நுரையைப் பிய்த்து எடுத்துக் கரையில் உருட்டிவிடுகிறது. அந்தத் தவிட்டு நுரைக்கு மேலே, ஏறக்குறைய பனை உயரத்தில், ஆலாக்கள் நின்றன.

நின்றன என்றுதான் சொல்லவேண்டும். காற்று மணிக்கு எத்தனை கிலோமீற்றர் வேகத்தில் வந்ததோ அதே வேகத்தில் அவை எதிரே பறந்து ஒரே இடத்தில் இருந்தன. பெரிய கொண்டை ஆலாக்கள். மஞ்சள் அலகு, பின்னந்தலையில் கலைந்த கறுப்புக் கொண்டை, சாம்பல் முதுகு. சிறகின் நுனி மட்டும் ஓயாமல் திருத்திக்கொண்டிருந்தது.

முதல் நாள் இரண்டாயிரம் படம் எடுத்தேன். ஒன்றும் தேறவில்லை. அன்றிரவு தங்கின இடத்தில் பார்த்தபோது காரணம் புரிந்தது. பறவை எப்போதும் காற்றுக்கு முகம் காட்டும். காற்று கடலிலிருந்து கரைக்கு வந்தது. கரையில் நின்ற எனக்கு அத்தனை பறவையும் முதுகைக் காட்டியிருந்தன. வெள்ளை வால்கள், வெள்ளை வால்கள், இன்னும் வெள்ளை வால்கள். முகம் வேண்டுமென்றால் காற்று என் முதுகில் படவேண்டும். அதற்குக் கடலுக்குள் போய் நிற்கவேண்டும்.

கூட்டாளிதான் வழி சொன்னான். "முனைக்குப் போவம் மச்சான். மண் ஒடுங்கி வாற இடத்துல தென்கடலைப் பாத்துக்கொண்டு நிக்காம, அதுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நில்லு. குருவி அந்தப் பக்கம் இறங்கி இருக்கும்."

முனைப் பக்கம் கடற்படையின் காவல் உண்டு. அனுமதி கேட்காமல் அங்கே கமராவைத் தூக்கக் கூடாது. சாவடியில் நின்ற சிப்பாய் அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்தான். திகன என்ற பெயரைக் கண்டதும் நிமிர்ந்தான். அவனுடைய ஊர் தெல்தெனிய. வந்து ஏழு மாதமாகிறதாம், லீவு கிடைக்கவில்லையாம். ஏரியில் தண்ணீர் இறங்கிவிட்டதா, பழைய ஊர் தெரிகிறதா என்று சிங்களத்தில் கேட்டான். இன்னும் தெரியவில்லை, இன்னும் கொஞ்சம் வற்றவேண்டும் என்றேன். உள்ளே கேட்டுவிட்டு வந்து, எதுவரை போகலாம், எந்தப் பக்கம் படம் எடுக்கக் கூடாது என்று கையால் காட்டி அனுப்பினான்.

அந்த இடத்தில் நான்கு மணித்தியாலம் கிடந்தேன். தென்கரை விளிம்பில் சிறு மணல் மேடு. அதன் ஓரத்தில் வயிற்றில் படுத்துக்கொண்டேன். முதுகில் காற்று, காற்றோடு வரும் உப்புத் தூறல். எதிரே, மணல் சரிந்து வடகடலுக்கு இறங்கும் மறைவான பக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆலாக்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. அத்தனையும் காற்றைப் பார்த்து, அதாவது என்னைப் பார்த்து. முழங்கையால் ஓரடி நகர்வேன், பத்து நிமிடம் அசையாமல் கிடப்பேன். ஒரு பறவை கழுத்தை நீட்டிப் பார்த்தால் அதுதான் எல்லை, அதற்குமேல் ஒரு விரற்கடையும் போகக் கூடாது. எழுப்பிவிட்ட கூட்டத்தைப் படமெடுப்பது லேசு. வானம் நிறையப் பறவை வரும், பார்ப்பவர்கள் கைதட்டுவார்கள். ஆனால் இந்தக் காற்றில் எழும்பித் திரும்ப உட்காரும் ஒவ்வொரு தடவையும் அவை செலவழிப்பது காலையில் பிடித்த மீனை. அந்தப் படம் எனக்கு வேண்டாம்.

உப்பு லென்ஸை மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை மூடிவிடும். காய்ந்த துணியால் துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும். முதலில் நல்ல தண்ணீர் நனைத்த துணியால் ஒற்றி உப்பைக் கரைத்து எடுத்து, பிறகு காய்ந்த துணி. கூட்டாளி பக்கத்தில் போத்தலோடு கிடந்து அதைச் செய்துகொண்டே இருந்தான். வெள்ளைப் பறவை, தவிட்டுக் கடல்: கமரா தன்பாட்டுக்கு வெளிச்சத்தைக் கணக்குப் போட்டால் பறவை சுண்ணாம்புபோல வெளுத்துவிடும், இறகே தெரியாது. ஒரு படி குறைத்து வைத்தேன். பறக்கும் பறவைக்கு நொடியில் இரண்டாயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு. அலைக்கு அந்த வேகம் ஆகாது, உறைந்த மெழுகுபோல வரும். அலையை மட்டும் எடுக்கும்போது நொடியில் பதினைந்தில் ஒரு பங்குக்கு இறக்கினேன். அப்போதுதான் நுரை இழுபட்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது படத்திலேயே தெரிந்தது.

கூட்டத்தின் ஓரத்தில் ஒரு குஞ்சு. உருவத்தில் தாயளவு வளர்ந்துவிட்டது, முதுகில் மட்டும் செதில்போலப் பழுப்புக் கோலம். அது அலகைத் திறந்தபடி தோளைக் குறுக்கிக் குந்தி, கத்திக்கொண்டே இருந்தது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை, காற்று அதை அந்தப் பக்கம் கொண்டுபோனது. தொண்டை துடிப்பது மட்டும் தெரிந்தது. தென்கடலிலிருந்து ஒரு பெரிய பறவை என் தலைக்கு மேலால் வந்தது. கூட்டத்தைத் தாண்டிப் போய், திரும்பிக் காற்றை எதிர்கொண்டு, கால்களைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு அங்குலமாக இறங்கியது. அலகில் குறுக்காக ஒரு வெள்ளி மீன், விரல் நீளம். நூறு குரல்களுக்குள் தன் குஞ்சின் குரலை அது எப்படிப் பிரித்து எடுத்ததோ, நேரே அதன் முன்னால் இறங்கியது. மீனைக் கொடுத்த மறுநொடியே காற்று அதைத் தூக்கிக்கொண்டது. இறங்கியதிலிருந்து எழும்பியது வரை எண்ணிப் பார்த்தால் இரண்டு நொடி இருக்கும். எனக்கு ஏழு படம் கிடைத்தன. அதில் ஒன்றில் மீனின் கண் தெரிகிறது.

ஆலா கடலில் விழுவதையும் அங்கிருந்துதான் கற்றுக்கொண்டேன். விழுந்த பிறகு அழுத்தினால் தண்ணீர் தெறிப்பு மட்டும் கிடைக்கும். பறக்கும்போது அதன் அலகு முன்னே நீட்டியிருக்கும். மீனைக் கண்டால் அலகு நேரே கீழே திரும்பும், சிறகு ஒரு கணம் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்திலேயே விரல் அழுத்திவிடவேண்டும்.

முனையிலிருந்து மேற்கே பார்த்தால், நுரைக்கு அப்பால் வெளுத்த கோடுகள். அவைதான் தீடைகள். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தூரத்துக்குச் சிதறிக் கிடக்கும் மணல் திட்டுகள், ஆதாம் பாலம் என்றும் இராமர் பாலம் என்றும் பெயர் பெற்றவை. காற்றும் நீரோட்டமும் ஒவ்வொரு வருடமும் அவற்றின் உருவத்தை மாற்றிவிடுகின்றன. இலங்கைப் பக்கத்துத் திட்டுகளை 2015இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். இலங்கையில் கடற்பறவைகள் முட்டையிடும் முக்கியமான இடம் அதுதான். கொண்டை ஆலா, சிறிய ஆலா, முதுகு கறுத்த ஆலாக்கள், பழுப்பு நோடி என்று பல இனங்கள் அங்கே குஞ்சு பொரிப்பதைச் செனவிரத்னவின் குழுவினர் ஆய்ந்து எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன்பு அவற்றை வழிப்போக்கர்கள் என்றே பெரும்பாலும் நினைத்திருந்தோம். இங்கே பிறந்த பறவைகளையும் வந்துபோகிறவை என்று எழுதிவைத்திருந்தோம்.

கூடு என்று ஒன்றும் கிடையாது. மணலில் நெஞ்சால் அழுத்திய ஒரு குழி, அதில் மணல் நிறத்திலேயே புள்ளி போட்ட ஒன்றிரண்டு முட்டை. காலடியில் இருந்தாலும் தெரியாது. உச்சி வெயிலில் தாய் எழும்பிப் போனால் சில நிமிடத்தில் முட்டை வெந்துவிடும். படகு ஏற்பாடு செய்யலாம், காதும் காதும் வைத்த மாதிரிப் போய் வரலாம் என்று டவுனில் ஒருவர் காதில் போட்டார். வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியோடு ஆய்வுக்குப் போகிறவர்கள் போகட்டும். படத்துக்காக ஒருவரும் அந்த மணலில் கால் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அங்கே எடுத்த படம் எத்தனை அழகாக இருந்தாலும், அடுத்த பத்துப் பேரை அங்கே கூப்பிடும் அழைப்பிதழ் அது. நாங்கள் தூரத்திலிருந்தே பார்த்தோம். அந்த வெள்ளைக் கோட்டின் மேல் புகைபோல ஒன்று எழுவதும் அமர்வதுமாக இருந்தது. அவ்வளவும் பறவை.

மூன்றாம் நாள் மாலை இறங்குதுறைக்குப் போனோம். தலைமன்னாருக்கு ரயில் இப்போது மறுபடியும் ஓடுகிறது. போரில் பிடுங்கப்பட்ட தண்டவாளத்தைத் திரும்பப் போட்டு, 2015 மார்ச் 14ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி வந்து கொடியசைத்துத் தொடக்கிவைத்தார். ஸ்டேசன் புதிதாக, சுத்தமாக இருக்கிறது. அதைத் தாண்டி நடந்தால் வடகடலுக்குள் நீளும் பழைய துறை. 1914இல் இந்த வழியாகத்தான் சென்னைக்கும் கொழும்புக்கும் ரயிலும் கப்பலுமாகப் போக்குவரத்து தொடங்கியது. அக்கரைத் துறையான தனுஷ்கோடியை 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் ஒரு பயணிகள் ரயிலோடு சேர்த்துக் கடலுக்குள் கொண்டுபோயிற்று. உடன்படிக்கை ஒப்பமிட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. எங்கள் ஆட்களை ஏற்றிப் போன கப்பலுக்கு இராமானுஜம் என்று பெயர். 1984இல் போர் காரணமாக அதுவும் நின்றது.

துறையின் மரமும் இரும்பும் உப்பில் அரித்துக் கிடக்கின்றன. தூண்கள் பல தனித்தனியாகத் தண்ணீருக்குள் நிற்கின்றன, மேலே சுமக்க ஒன்றும் இல்லாமல். தென்கடலின் இரைச்சல் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. முன்னால் வடகடலில் ஒரு சாண் அலை. விக்டோரியா ஏரியில் ஆடி மாதம் எழும் அதே அளவு.

கடைசித் தூணில் ஓர் ஆலா வந்து உட்கார்ந்தது. வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. காற்று எனக்குப் பின்னாலிருந்து வந்ததால் அது என் பக்கம் முகத்தைத் திருப்பியபடி, கொண்டை மயிர் பின்னே படிந்து பறக்க, கால்களை இறுக்கிப் பிடித்து நின்றது. துருப்பிடித்த இரும்பை விரற்சவ்வு விரிந்து மூடியிருந்தது. கூட்டாளி துணியை நீட்டினான். லென்ஸைத் துடைத்துவிட்டு நொடியில் அறுபதில் ஒரு பங்கில், மூச்சைப் பிடித்து, ஒன்று எடுத்தேன். பறவை அசையவில்லை. சுற்றிலும் தண்ணீர் மட்டும் லேசாகக் கலங்கி விழுந்திருந்தது.

திகன வந்த மறுநாள் அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். அலைப் படங்களையும், மீன் கொடுக்கும் ஆலாவையும் முன்பே காட்டியிருந்தேன். "அய்யோ பாவம், எம்பூட்டுக் காத்து" என்று பார்த்து ஒவ்வொன்றாகக் கீழே வைத்திருந்தார். இதை மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனார். வெகுநேரம் பார்த்தார்.

"இதுதான் அந்தத் தொறையா?"

"ஆமாம்மா."

"கப்பல் எங்கன நிக்கும்?"

ஆலா உட்கார்ந்திருந்த தூணுக்குப் பக்கத்தில், தண்ணீர் மட்டும் இருந்த இடத்தில், விரலை வைத்துக் காட்டினேன். அம்மா என் விரலை மெல்ல நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் தன் விரலை வைத்துக்கொண்டார்.